வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு

ஐயா,

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். வண்டி கிட்டப் போகாதே. சந்துக்குள்ள நுழையுற முனையில போலாதாவோட டீக்கடை பெஞ்சுல உக்காரு, தோள் பையை இறக்கி வை, ஒரு டீ சொல்லிக்கோ, அதுக்கப்புறம் இதைப் பிரி. முழுசாப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த பெஞ்சை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும்னு தெரிஞ்சுதான் தமிழ்ல எழுதுறேன். பெங்காலியில எழுதினா ஒரே ஓட்டமா ஓட்டிட்டு, காகிதத்தை மடிச்சுச் சட்டைப் பையில சொருகிட்டு, சாவியைச் சுத்திக்கிட்டுக் கிளம்பிடுவே. பெத்தவளுக்குத் தெரியாதா உன் அவசரம்.

காலையில போன்ல சொல்லத்தான் செஞ்சேன். வண்டி சூடா இருக்குடா, வாடை வேற வருதுன்னேன். நீ அசன்சோல்ல வேலையா ஓடிக்கிட்டே, "மா, கிச்சு ஹோபே நா"ன்னே. ஒண்ணும் ஆகாதாம். மத்தியான ரயில்ல கிளம்பி வந்ததும் வண்டியை எடுத்துக்கிட்டு ஹவுராவுக்குப் போகணும், மௌமிதா அப்பாகிட்ட கல்யாணப் பத்திரிகைக் கட்டைச் சேக்கணும், அப்படியே அவளைப் பின்னால உக்கார வெச்சு ரெண்டு வீட்டுக்கு அழைக்கப் போகணும்னு அடுக்கிக்கிட்டே போனே. அதோட லைன் கட்டாயிடுச்சு. பொறவு நாலு தடவை போட்டுப் பாத்தேன், கிடைக்கல. கிடைச்சாலும் என்ன, நான் பேசுறதை நீ எப்போ முழுசாக் கேட்டிருக்கே? அதான் மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டுட்டு பால்கனியில உக்காந்து எழுத ஆரம்பிச்சேன்.

நடந்தது இதுதான். காலையில பால் வாங்க இறங்கினேன். படிக்கட்டுக்கு அடியில, மீட்டர் பெட்டிகளுக்குக் கீழ, நீ ஊருக்குப் போகும்போது சார்ஜ்ல போட்டுட்டுப் போன பேட்டரி வண்டி அப்படியே நின்னுச்சு. ரெண்டு நாளா பிளக்கைப் பிடுங்க ஆளில்ல. நானும் ரெண்டு நாளா அதைத் தாண்டித்தான் ஏறி இறங்குறேன், கவனிக்கல. இன்னிக்கு இனிப்பா ஒரு வாடை, நகப் பாலீஷ் பாட்டிலைத் திறந்து வெச்ச மாதிரி. என்னடா இதுன்னு சுவத்துல கையை ஊனினேன். சுவர் சுட்டுச்சு. கால் வைக்கிற இடத்துல பேட்டரியை மூடியிருக்கிற பிளாஸ்டிக் தட்டு பூரி மாதிரி உப்பி, ஒரு பக்கத்து ஸ்க்ரூவைப் பிடுங்கிக்கிட்டு நின்னுச்சு. கையில துண்டைச் சுத்திக்கிட்டு பிளக்கை இழுத்தேன். இழுத்துட்டு அங்கேயே படியில உக்காந்துட்டேன்.

அந்த நேரம் பாத்து கீழ் வீட்டு அண்ணி, உன் ஷிப்ரா பௌதி, கதவைத் திறந்துக்கிட்டு வந்தா. கையில ஒரு தட்டு நிறைய மண் விளக்கு. நாளைக்குக் காளி பூஜை, இன்னிக்குப் பதினாலு விளக்கு ஏத்துற நாள் இல்லையா? வருஷா வருஷம் அவ எல்லா இருட்டு மூலைக்கும் ஒண்ணு வெப்பா. மாடிப்படி அடியில ஒண்ணு கட்டாயம் உண்டு, இந்த வீட்டிலேயே அதுதான் பெரிய இருட்டுன்னு சொல்லுவா. "மாஷிமா, இந்த வருஷம் இங்க உங்க வண்டி நிக்குதே, விளக்கை அதோட சக்கரத்துப் பக்கமா வெச்சுடட்டா?"ன்னு கேட்டா. வேண்டாம்மா, வேண்டாம்னு எழுந்து அவ தட்டைப் பிடிச்சுக்கிட்டேன். அவ சுவத்தைத் தொட்டுப் பாத்தா. அந்தப் பக்கம் அவ மகளோட கட்டில், சுவரோட ஒட்டித்தான் கிடக்கு. அந்தப் பிள்ளை ரெண்டு நாளா, "மா, சுவர் வெதுவெதுப்பா இருக்கு, நல்லாத் தூக்கம் வருது"ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சாம்.

ஷிப்ரா சத்தம் போடல. போட்டிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. மெதுவாக் கேட்டா: "வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்குன்னு நீங்கதானே மாஷிமா சொன்னீங்க?"

ஆமா ஐயா. சொன்னேன். பாலிசி வந்த புதுசுல, படிக்கட்டுல வெச்சு சார்ஜ் போடலாமா, பயமில்லையான்னு அவ கேட்டப்ப நான் சொன்ன பதில் அதுதான். மௌமிதா அப்பா, "பொண்ணு பின்னால உக்காந்து வருவா, பீமா, இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கா?"ன்னு ரெண்டாந்தடவை கேட்டப்ப நீ நெஞ்சை நிமித்திக்கிட்டு, "மா அந்த ஆபீஸ்லதான் வேலை பாத்தாங்க, எல்லாம் பக்கா"ன்னே. நான் பக்கத்துல உக்காந்து சந்தேஷ் தின்னுக்கிட்டுத் தலையை ஆட்டினேன். இப்போ கேளு, அந்தத் தலை எதுக்கு ஆடுச்சுன்னு.

நான் முப்பது வருஷத்துக்கு மேல டல்ஹௌசி பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல கிளெய்ம் செக்‌ஷன்ல இருந்தவ. சின்ன வயசுல நீ எல்லார்கிட்டயும், "எங்கம்மா ஜனங்களுக்குப் பணம் குடுக்கிற ஆபீஸ்ல இருக்காங்க"ன்னு பெருமை அடிப்பே. பணம் குடுக்கிற காகிதம் வேற மேஜையில எழுதினாங்க. குடுக்க முடியாதுங்கிற காகிதம்தான் என் மேஜை. ஒரு ஃபாரத்தைக் கையில குடுத்தா போதும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் பொய்னு மோப்பம் பிடிச்சுடுவேன். அந்த வரிக்கு அடியில சிவப்பு மையில கோடு போடுவேன். "தங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறோம்"னு ஆரம்பிச்சு, அந்தக் கோட்டுல கொண்டுபோய் முடிப்பேன். மேலதிகாரி என் லெட்டரை ஒரு தடவைகூடத் திருத்தினதில்ல.

ஒரு தடவை ஹவுராவிலேர்ந்து ஒருத்தர் வந்தார். மெத்தை தைக்கிற சின்னப் பட்டறை வெச்சிருந்தவர். பட்டறை எரிஞ்சு போச்சு, உள்ள படுத்திருந்த அவர் தம்பியும் போயிட்டார். ஃபாரத்துல, சீக்கிரம் தீப்பிடிக்கிற சாமான் ஏதாவது வைக்கிறீங்களாங்கிற கேள்விக்கு 'இல்லை'ன்னு போட்டிருந்துச்சு. மெத்தைப் பட்டறைல பஞ்சும் ஃபோமும் இல்லாம என்ன இருக்கும்? "ஏஜென்ட் நிரப்பினான் தீதி, 'ஆமா'ன்னு போட்டா பிரீமியம் கூடும்னான், நான் கையெழுத்துதான் போட்டேன்"னு என்னை அக்கா முறை வெச்சுக் கெஞ்சினார். எதிர் பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தார். "ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன் தீதி"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கையெழுத்து உங்களுதுதானே?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு மேஜையைப் பூட்டிட்டு மினி பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்து உனக்கு லூச்சி பொரிச்சுக் குடுத்தேன். நீ ஏழெட்டுத் தின்னே. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் உறுத்தல. இன்னிக்கு உறுத்துது.

நீ இந்த வண்டியை வாங்கினப்போ, லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், சைக்கிள் மாதிரிம்மான்னே. சைக்கிள் மாதிரிதான் போச்சு. நம்ம லேக் கார்டன்ஸ்லேர்ந்து ஹவுராவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பம்ப் கம்பெனியில உன் வேலையே போயிடும் போல இருந்துச்சு. ஒரு மாசம் பொறுத்தே. அப்புறம் அந்த மெக்கானிக் மிஸ்திரிகிட்ட கொண்டு போய் ஏதோ ஒரு ஒயரை வெட்டினே, வேகம் வந்துச்சு. கம்பெனி பேட்டரியைக் கழட்டிட்டு அவனே கோத்துக் கட்டின பெரிய பேட்டரியைப் போட்டே, தூரம் வந்துச்சு. மழையில சந்து முழுக்க முட்டளவு தண்ணி நின்னப்போ வண்டி ஒரு பகல் பூரா அதுல நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? அவன் வந்து தலைமுடி காய வைக்கிற மெஷினை வெச்சு ஊதிட்டு, "கிச்சு ஹோபே நா"ன்னு சொல்லிட்டுப் போனான். நீ அந்த வார்த்தையை அவன்கிட்டேர்ந்துதான் பிடிச்சுக்கிட்டே.

பொறவு மௌமிதா அப்பா கேட்டுட்டார்னு, மலிவா ஒரு இன்ஷூரன்ஸ் பாத்துக் குடும்மான்னே. நான் அலைஞ்சேன் ஐயா, அது பொய்யில்ல. பழைய ஆபீஸ்ல என்கூட இருந்த சிநேகிதி ஒருத்தி இன்னும் அங்கதான் இருக்கா, அவகிட்ட போனேன். முழுக் கதையும் கேட்டுட்டுச் சிரிச்சா. "கம்பெனியிலேர்ந்து வந்தபடி இருந்தா அது சைக்கிள் கணக்கு, மோட்டார் பாலிசி தேவையில்ல. ஒயரை வெட்டியாச்சுன்னா அது மோட்டார் வண்டி, பதிவு வேணும், லைசென்ஸ் வேணும், அதுக்கப்புறம்தான் பாலிசி. வெட்டி ஒட்டின வண்டியை எவன் பதிவு பண்ணுவான்? உன் பிள்ளை வாங்கி வெச்சிருக்கிறது ரெண்டுங்கெட்டான். பழைய பேட்டரியைத் திரும்பப் போடச் சொல்லு, ஒயரைச் சேக்கச் சொல்லு, அப்புறம் வா"ன்னா. சரியாச் சொன்னா. நான் அதை உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். சொன்னா நீ முகத்தைத் தூக்கி வெச்சுப்பே, "முப்பது வருஷம் அங்க இருந்து இதுகூட முடியலையா"ன்னு கேப்பே. அந்தக் கேள்விக்குப் பயந்துட்டேன். இந்தக் கிழட்டு மூதிக்கு அப்படி ஒரு வீம்பு.

வீட்டுக்கு வந்து போன்ல தேடினேன். பேட்டரி சைக்கிளுக்கு, மெதுவாப் போற வண்டிக்குன்னு ஒரு பாலிசி இருந்துச்சு. ரெண்டு பேர் சினிமாவுக்குப் போய்ட்டு வர்ற காசுதான். பேர், ஊர், வண்டி படம் எல்லாம் போட்டேன். அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு: தயாரிச்ச நிலையிலேர்ந்து வண்டியில, பேட்டரியில ஏதாவது மாத்தியிருக்கீங்களா? ஆமா, இல்லை, ரெண்டு கட்டம். 'ஆமா'வைத் தொட்டேன். இந்த வண்டிக்குக் காப்பீடு தர இயலாதுன்னு வந்துச்சு. பின்னால போய் 'இல்லை'யைத் தொட்டேன். பச்சை டிக் வந்துச்சு, ஓடிபி வந்துச்சு, முடிஞ்சு போச்சு. வேலியே பயிரை மேஞ்ச கதைதான். மெத்தைக்காரராவது ஏஜென்டை நம்பினார், தன் கையெழுத்தைப் போட்டார். உன் பாலிசியில உன் கையெழுத்துகூட இல்ல. பொய்யும் என்னுது, விரலும் என்னுது.

அதைப் பிரின்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு உன் கையில குடுத்தேன். நீ கண்ணுல ஒத்திக்கிட்டே. ஆயுத பூஜை வந்தப்ப நம்ம வழக்கத்துக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சேன். நீ வண்டியை ஏத்தினப்ப ஒண்ணு நசுங்குச்சு, ஒண்ணு நசுங்காம வழுக்கி உருண்டு சாக்கடைக்குள்ள போயிடுச்சு. நான் சகுனம் பாக்குறவ இல்லன்னு உனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு அந்தப் பழத்தைத் தேடிச் சாக்கடை ஓரமா ரொம்ப நேரம் நின்னேன். மடியில கனம் இருந்தா வழியில பயம் இருக்கத்தானே செய்யும்?

உன் அப்பாவை நெனச்சுக்கிட்டேன். ரயில்வே ஒர்க்‌ஷாப் மனுஷர், வெளிய போறதுன்னா கேஸ் திருகை மூணு தடவை பாக்காம பூட்டு போட மாட்டார். ஒரு தடவை மெட்ராஸ் ரயிலுக்கு ஹவுரா ஸ்டேஷன் வரைக்கும் போயாச்சு, திடீர்னு "கேஸை மூடினோமா?"ன்னார். மூடியாச்சுன்னு நான் தலையில அடிச்சுச் சொன்னேன். கேக்கல. டாக்ஸி பிடிச்சுத் திரும்பிப் போனார், ரயில் போயிடுச்சு, என் தம்பி கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிஞ்சுதான் போய்ச் சேந்தோம். கேஸ் மூடித்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளின்னு அவரை நான் கேலி பண்ணாத நாள் இல்ல. நீயும் கூடச் சேந்து சிரிப்பே. அவர் இருந்திருந்தா ரெண்டு நாளைக்கு முன்னாடியே அந்தச் சுவத்தைத் தொட்டுப் பாத்திருப்பார். அவர் போய் நாலு வருஷத்துல இந்த வீட்டுல பயப்படுறதுக்கு ஒரு ஆள் இல்லாம போச்சு. அந்த இடத்துல நான் ஒரு லேமினேட் காகிதத்தை வெச்சேன்.

கல்யாணம் பண்ணிக்கப் போறே, அதனால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. மௌமிதா பயமா இருக்குன்னு சொன்னா, இருக்கிற பயத்தை முதல்ல போய்ப் பாரு. காகிதத்தை எடுத்துக் காட்டாதே. நடந்த பிறகு குடுக்கிற காசுக்குப் பேர்தான் இன்ஷூரன்ஸ். நடக்காம பாத்துக்கிறது வீட்டுல இருக்கிறவங்க வேலை. இதை என் சர்வீஸ் முழுக்க ஊருக்கு உபதேசம் பண்ணினவ நான். உன் முகம் வாடக் கூடாதுன்னு உன்கிட்ட மட்டும் சொல்லாம விட்டேன். பிள்ளைக்கு 'முடியாது'ன்னு சொல்லத் தெரியாத தாய், ஊர்க்காரங்களுக்கெல்லாம் 'முடியாது'ன்னு லெட்டர் எழுதியிருக்கேன் பாரு.

ஷிப்ரா வீட்டுக்காரரும் நம்ம சந்து கிளப்புல இருந்து ரெண்டு பேரும் வந்து, ஹேண்டில் பூட்டியிருந்ததால மூங்கில் குடுத்துத் தூக்கி, வண்டியைச் சந்தோட அடைப்பு முனையில இருக்கிற காலி மனையில கொண்டு போய் விட்டிருக்காங்க. தீயணைப்புக்குப் போன் பண்ணிக் கேட்டாச்சு. திறந்த வெளியில விடுங்க, யாரும் கிட்டப் போகாதீங்க, புகை வந்தா உடனே கூப்பிடுங்கன்னாங்க. மத்தியானம் நான் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உண்மையை எழுதி மெயில் போட்டுட்டேன். ஒயர், பேட்டரி, என் விரல், எல்லாம். பாலிசியை ரத்து பண்ணுவாங்க. பண்ணட்டும். ஷிப்ராகிட்டயும் சொல்லிட்டேன். அவ போய் மகளோட கட்டிலை எதிர்ச் சுவத்துப் பக்கம் இழுத்துப் போட்டா. அந்தச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டுச்சு. மௌமிதா அப்பாகிட்ட நீ சொல்லு. உனக்குச் சங்கடமா இருந்தா நான் வந்து சொல்றேன். ஆனா இன்னிக்கு ஹவுராவுக்கு ஃபெர்ரியில போ, பஸ்ல போ, நடந்துகூடப் போ.

இன்னொண்ணும் செஞ்சேன், சொல்ல வெக்கமா இருக்கு. மெயில் அனுப்பின பிறகு, பழக்க தோஷம், நமக்கு வந்திருக்கக் கூடிய லெட்டரை எழுதிப் பாத்தேன். இதே காகிதத்தோட பின்பக்கம் இருக்கு, திருப்பிப் பாரு. "தங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறோம்"ங்கிற வரி தானா வந்துச்சு. அடுத்த வரியில இறந்தவர் பேர் எழுதணும். உன் பேரா, மௌமிதா பேரா, ஷிப்ரா மகள் பேரான்னு கை நின்னு போச்சு. இத்தனை வருஷம் அந்த இடத்துல எத்தனை பேரை எழுதியிருக்கேன், ஒரு பேருக்காவது இப்படி நின்னிருக்கேனா? இல்ல. அதுக்கு மேல எழுத முடியல.

சார்ஜரைப் பிடுங்கி ஒன்பது பத்து மணி நேரமாச்சு. கொஞ்சம் முன்னாடி ஷிப்ரா வீட்டுக்காரர் தூர நின்னு பாத்துட்டு வந்தார். இன்னும் அந்த வாடை வருது, தட்டு காலையில இருந்ததைவிட உப்பியிருக்குன்னு சொன்னார். உன்கிட்டதான் சாவி இருக்கு. பூட்டைத் திறந்து பேட்டரியைக் கழட்டிடலாம்னு உனக்குத் தோணும். வேண்டாம் ஐயா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்னு வெச்சுக்கோ. எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும், சவம்.

இருட்டுது. சந்துல விளக்கு வைக்க ஆரம்பிச்சுட்டாங்க, வாசல் வாசலா, மதில் மேல, குழாயடியில. பட்டாசும் வெடிக்கிறாங்க. உன் ரயில் ஹவுராவுக்கு வந்திருக்கும், நீ இப்போ பஸ்ல இருப்பே.

ஐயா, இங்கேர்ந்து காலி மனை தெரியுது. அங்க வெளிச்சம் இருக்கு. யாரோ அந்த மூலை இருட்டா இருக்குன்னு ஒரு விளக்கைக் கொண்டு போய் வெச்சிருக்காங்க. வண்டியோட முன் சக்கரத்துப் பக்கத்துல. விஷயம் தெரியாதவங்க யாரோ. மாடியிலேர்ந்து கத்திப் பாத்தேன், இந்த வெடிச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. ஷிப்ராவுக்குப் போன் போட்டேன், எடுக்கல, பூஜையில இருப்பா. அந்த விளக்கை எடுக்கணும். அவ்வளவுதான், எடுத்துட்டு வந்துடுவேன், ஒண்ணும் ஆகாது.

பாத்தியா, நானும் அதையே எழுதிட்டேன்.

போறதுக்கு முன்னாடி இதை போலாதாகிட்ட குடுத்துட்டுப் போறேன். நான் வந்து உன்னைக் கூப்பிடுற வரைக்கும் பெஞ்சை விட்டு எழுந்திரிக்காதே.

அம்மா